துடைப்பம் ஏந்திய துறவி

மராட்டிய மாநிலத்தின் அமராவதி மாவட்டத்தில், 1876ஆம் ஆண்டு, சலவைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் டேபுஜி. பள்ளி சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1905ஆம் ஆண்டு அவர் இல்லறத்தைத் துறந்தார். கந்தல் ஆடை, மண்கலயம், துடைப்பம் ஆகியனவே அவர்தம் உடைமைகள். மண்கலயத்தை மராத்தி மொழியில் காட்கே என்பர்; ஆதலின் மக்கள் அவரைக் காட்கே பாபா என்று அழைத்தனர்.

எவ்வூருக்குச் சென்றாலும் அவர் முதலில் தெருவைப் பெருக்குவார். சாக்கடையைத் தூய்மை செய்வார். குப்பை அள்ளுவது தாழ்ந்த தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. துறவி ஒருவரே அதனைச் செய்யக் கண்ட ஊராரும் அவருடன் இணைந்தனர். இரவில் கீர்த்தனை பாடி, தூய்மையையும் கல்வியையும் வலியுறுத்துவார். தீண்டாமையையும் மதுவையும் கண்டிப்பார். மக்கள் அளித்த பொருளில் ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஏழைகள் தங்கும் விடுதிகளையும் எழுப்பினார்.

1956ஆம் ஆண்டு காட்கே பாபா மறைந்தார். 2000ஆம் ஆண்டில் மராட்டிய அரசு தொடங்கிய ஊரகத் தூய்மை இயக்கத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பரிசு பெறும் ஆர்வத்துடன் ஊர்கள் போட்டியிட்டன. மக்களே கூடித் தெருக்களைப் பெருக்கினர், கழிப்பறைகள் கட்டினர். எழுத்தறியாத ஒருவர் துடைப்பத்தால் கற்பித்த பாடம் இவ்வாறு ஊர்தோறும் பரவியது.