இப்னு கல்தூன் கண்ட உரைகல்

ஹிஜ்ரி 732இல் (கி.பி. 1332) தூனிஸ் நகரில் பிறந்தவர் இப்னு கல்தூன். இளமையிலேயே பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். அமைச்சர், தூதர், சிறைக் கைதி என மக்ரிப் அரசவைகளில் அலைக்கழிந்தவர், அல்ஜீரியாவின் இப்னு ஸலாமாக் கோட்டையில் ஒதுங்கி, 1377இல் ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வின் முதல் வடிவை எழுதி முடித்தார்.

மூஸா நபி (அலை) காலத்து பனீ இஸ்ராயீல் படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் என்று மஸ்ஊதி போன்ற பேரறிஞரே எழுதியிருந்தார். இப்னு கல்தூன் அதை ஏற்றாரல்லர். யஃகூப் நபிக்கு (அலை) நான்கு தலைமுறைக்குள் அத்துணை மக்கள் பெருகுவரோ? அத்துணைப் பெரும்படையின் ஒரு கோடியில் நிகழ்வது மறுகோடிக்கு எட்டுமோ? அறிவித்தவர் யார் என ஆராயுமுன், அறிவிக்கப்பட்டது மனித சமுதாயத்தில் நிகழத்தக்கதா எனக் காண்பதே அவர் கண்ட உரைகல். மார்க்கச் சட்ட அறிவிப்புகளில் அறிவிப்பாளர் ஆய்வின் இடத்தை அவர் மறுத்தாரில்லை. உலகச் செய்திகளுக்கு அது மட்டும் போதாதென்றார்.

கறுப்பு நிறம் நூஹ் நபியின் (அலை) சாபத்தால் வந்தது என்ற கதையைத் தள்ளி, வெப்பமே காரணம் என்றார். ஆனால் அதே வெப்பத்தைக் கொண்டு அம்மக்களின் குணத்தைத் தாழ்த்தி எழுதியதை மட்டும் அவர் தம் உரைகல்லில் உரசிப் பார்க்கவில்லை. அவர்பால் பெருமதிப்புடைய நமக்கும் இது உறுத்தலே.

1384இல் கெய்ரோவில் மாலிக்கி காழியானார். அவரைச் சேர வந்த குடும்பத்தார் கப்பலோடு மூழ்கினர். அதன்பின்னும் அந்நூலைத் திருத்திவந்தார். 1406இல் அந்நகரிலேயே இறையடி எய்தினார்.