கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட்

ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா என்பதனை எங்ஙனம் அறிவது? பெரியோர் கூறினர் என்றும், அயலார் உண்டு நலம் பெற்றனர் என்றும் நம்பியே நம்மிற் பலர் மருந்துண்கின்றோம். மருந்தோடு மருந்தை ஒப்பிட்டு உண்மை காணும் நெறியைக் காட்டிய முன்னோருள் ஒருவர் ஜேம்ஸ் லிண்ட் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1716-இல் ஸ்காட்லாந்து தேயத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். இளமையிலேயே அறுவை மருத்துவர் ஒருவர்பால் தொழில் பயின்று, 1739-இல் ஆங்கிலக் கடற்படையிற் சேர்ந்தார்.

அந்நாளிற் கடலோடிகளுக்குப் பகைவரினும் கொடியதாயிருந்தது ஸ்கர்வி என்னும் நோய். பல திங்கள் காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே உண்பார்க்கு ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும், ஆறிய பழம்புண்ணும் மீண்டு வாய் திறக்கும், இறுதியில் உயிரும் நீங்கும். 1740-இல் ஆன்சன் என்னும் படைத்தலைவரொடு புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேருட் பாதிக்கு மேற்பட்டார் மாண்டனர். அவருட் பலரைக் கொண்டது இந்நோயே.

1747 மே 20-ஆம் நாள், ஸாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில், ஒத்த நிலையில் நோயுற்ற பன்னிருவரை லிண்ட் தேர்ந்தெடுத்தார். அவரை ஒரே இடத்திற் கிடத்தி, ஒரே வகை உணவளித்து, இருவர் இருவராக ஆறு கூறு செய்தார். ஒரு கூற்றார்க்கு ஆப்பிட் பழத்து மது. ஏனையோர்க்கு முறையே கந்தகத் திராவகம் கலந்த மருந்து, காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த இலேகியம். எஞ்சிய இருவர்க்கு நாடோறும் இரண்டு கிச்சிலிப்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும். பழம் ஆறு நாளில் தீர்ந்தது. அதற்குள் அவ்விருவருள் ஒருவர் பணிக்கு எழுந்தார். மற்றவர் ஏனை நோயாளரைப் பேணும் அளவிற்குத் தேறினார். மதுவுண்டார் சிறிது தேறினர், பிறர் தேறிலர்.

1753-இல் லிண்ட் இவற்றை நூலாக வெளியிட்டார். ஆயினும், ஈரக்காற்று முதலிய பலவும் இந்நோய்க்குக் காரணமென்றே கருதினார். பழம் நெடுநாள் கெடாதிருத்தற்பொருட்டுச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்குமாறும் கூறினார். அவ்வெப்பமே மருந்தின் ஆற்றலைக் கெடுத்தது. பழத்திற்குச் செய்த ஒப்பாய்வைப் பாகிற்கும் செய்திருப்பரேல் அவ்வுண்மை அன்றே விளங்கியிருக்கும்.

1758 முதல் ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையில் தலைமை பூண்டு பல்லாண்டு தொண்டாற்றிய லிண்ட், 1794-இல் காலமானார். மறு ஆண்டாகிய 1795-இல், கில்பர்ட் பிளேன் என்னும் மருத்துவர் முதலியோர் முயற்சியால், கடற்படையினர்க்கு எலுமிச்சஞ்சாறு வழங்கக் கட்டளை பிறந்தது. கண்ட உண்மை ஆணையாவதற்கு 48 ஆண்டுகள் கழிந்தன. இடையில் மாண்டார் எண்ணிறந்தோர்.

தசையையும் எலும்பையும் பிணைக்கும் இழைகள் வலிவுறற்கு வைட்டமின் ஸி இன்றியமையாதது. மக்கள் யாக்கை அதனைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. இவ்வுயிர்ச்சத்து இன்னதெனத் தெளிந்தது 1932-இல்தான். காரணம் அறியாவிடினும், ஒத்தாரை ஒப்பிட்டு நோக்கியதனாலேயே லிண்ட் மருந்தைக் கண்டார். கண்ட மருந்தின் வடிவை மாற்றின் அதனையும் அவ்வாறே மீண்டும் ஆராய்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடமாம்.