வாயில்லா உயிர்களுக்காக வழக்காடிய ருக்மிணிதேவி அம்மையார்

திருக்குற்றாலத்து அருவிகளையும் அம்மலையில் விளையாடும் மந்திகளையும் தமிழுலகம் முழுதும் அறியச் செய்த நூல் குற்றாலக் குறவஞ்சி. தென்காசிக்கு அணித்தான மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றியது. இதனை 1944ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக மேடையேற்றியவர் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். அதில் வரும் சிங்கன், கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் குறவன். அவனை மேடையில் ஆடவைத்த அதே அம்மையார், ஒன்பது ஆண்டுகள் கழித்து, உயிரினங்களைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்கும் மசோதாவைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். நாட்டியத்திற்காக அவரைப் போற்றுவோர் பலர். இந்த இரண்டாவது பணியை, அஹிம்சையைப் பரம தர்மமாகக் கொண்ட நம்மவரே மறந்துவருவது வருந்தத்தக்கது.

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித்துறைப் பொறியாளர். வடமொழிப் புலமை மிக்கவர். தியசாபிகல் சங்கத் தொடர்பால் குடும்பம் அடையாற்றில் குடியேறியது. 1920இல் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். அந்நாளில் அத்திருமணம் எழுப்பிய எதிர்ப்பு சிறிதன்று. 1935இல் மேடையேறிச் சதிர் ஆடியதும், 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதும் யாவரும் அறிந்தவை.

1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அப்போது நடைமுறையில் இருந்தது ஆங்கிலேயர் 1890இல் இயற்றிய சட்டம். அது போதாது எனக் கண்ட அம்மையார் 1953இல் தனிநபர் மசோதா ஒன்றை முன்வைத்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் எனப் பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குழு அமைந்தது, ஆண்டுகள் கடந்தன, 1960இல்தான் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின்படி 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கு அம்மையாரே முதல் தலைவர்.

தோல் பற்றி அச்சட்டம் கூறுவதை நம் இல்லத்தார் அறிந்திருப்பது நலம். அதன் 30ஆம் பிரிவு கவனிக்கத்தக்கது. ஆட்டையோ பசுவையோ கொடிய முறையில் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரிடம், தலைத்தோலின் பகுதி ஒட்டியபடி அவ்விலங்கின் தோல் இருந்தால், அது கொடுமையாகவே கொல்லப்பட்டது என்று நீதிமன்றம் கொள்ளும். இல்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு தோலை வைத்திருப்பவரைச் சேரும். தோல் வாணிகத்தின் உள்ளே சட்டம் கைவைத்த இடம் இது. ஆயினும் உணவுக்காகக் கொல்வதைச் சட்டம் விலக்கவில்லை. சமயச் சடங்கிற்காகக் கொல்வதற்கும் 28ஆம் பிரிவு இடம் தந்தது. முதற் குற்றத்திற்கு விதித்த அபராதமோ பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! கொலையின் முறையைச் சட்டம் கட்டுப்படுத்தியதே அன்றி, தோலைப் பயன்கொள்வதைத் தடுக்கவில்லை. அம்மையார் வாழ்ந்த அடையாற்றிலேயே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இயங்கிவருகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோல் பதனிட்டே பிழைக்கும் ஊர்கள். அம்மையாரின் போராட்டம் எத்தகைய சூழலில் நடந்தது என்பதை இதனால் உணரலாம்.

இனி, கலைக்குள் வருவோம். மிருதங்கத்தின் இருபுறமும் தோல். அதை இழுத்துக் கட்டும் வாரும் தோல். பரதம் ஆடும் பெண்ணின் சலங்கை கோக்கப்படுவதும் தோல் பட்டையில்தான். கலாக்ஷேத்திர மேடையிலும் இவை ஒழியவில்லை. இதைக் குறையாகச் சுட்டுவோர் உண்டு. குறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தோலின்றி ஒலிக்கும் மிருதங்கம் அம்மையார் காலத்துக் கச்சேரி மேடையில் இல்லை. இப்போது செயற்கைப் பொருளால் முகமிட்ட மிருதங்கம் செய்யப்படுகிறது. சலங்கைக்கோ அந்தச் சாக்கும் இல்லை. வடநாட்டுக் கதக் ஆடுவோர் பருத்திக் கயிற்றிலேயே மணிகளைக் கோத்துக் கட்டுகின்றனர். நம் பேத்திகளுக்கு அரங்கேற்றம் செய்விக்கும் பெற்றோர் இதனை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பட்டைப் பற்றிய கேள்வி இன்னும் கடுமையானது. 1937இல் கலாக்ஷேத்திரத்தில் நெசவுக்கூடம் தொடங்கி, அகன்ற கரையுள்ள பழைய காஞ்சிப் பட்டுச்சேலைகளுக்குப் புத்துயிர் ஊட்டியவரும் அம்மையாரே. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள், உள்ளிருக்கும் புழுவோடு வெந்நீரில் இடப்படுகின்றன. காஞ்சிப் பெரியவர் பட்டைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தி வந்தது பலருக்கும் தெரியும். பிற்காலத்தில் ஆந்திர நாட்டுக் குசுமா ராஜையா, பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் எடுத்து அஹிம்சைப் பட்டு நெய்தார். நெசவாளர் குடும்பங்கள் வாழவேண்டும் என்பதும் உயிர் மாயக்கூடாது என்பதும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆட்டுக்கும் குரங்கிற்கும் வாதாடிய அம்மையாரின் வாழ்விலேயே புழுவின் பக்கம் தோற்றது என்றே நான் கருதுகிறேன். ஓரறிவுயிர் முதல் எண்ணிப் பார்க்கும் நம் நெறி இவ்விடத்தில் அவரினும் ஓரடி முன்செல்கிறது. திருமணத்திற்குப் பட்டெடுக்கும் நம் வீடுகளும் அந்த ஓரடியை வைத்துவிட்டனவா?

குரங்குகளின் பக்கம் வெற்றி கிட்டியது. ஆய்வுக்கூடங்களுக்காக இந்தியக் குரங்குகள் ஆயிரமாயிரமாக வெளிநாடு சென்றதை அம்மையார் நெடுங்காலம் எதிர்த்தார். மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, 1978இல் அந்த ஏற்றுமதி நின்றது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு மொரார்ஜி கேட்க, அம்மையார் மறுத்திருந்தார்.

சிங்கனைப் போன்றோர் என்னாவது என்ற கேள்வி எஞ்சுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வாணிகம் நின்றபோது, செங்கற்பட்டுப் பகுதி இருளர் பிழைப்பிழந்தனர். 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்புக்கடி மருந்து அந்நஞ்சிலிருந்து ஆகிறது. தோலை விற்ற கை உயிர் காக்கும் நஞ்சை விற்கிறது.

அம்மையார் 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் தலைமை தாங்கிய வாரியம் 2018இல் சென்னையை விட்டு அரியானா மாநிலத்துப் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. குற்றாலக் குறவஞ்சி அவருக்குப் பின்னும் கலாக்ஷேத்திர மேடையில் ஆடப்பட்டு வருகிறது.