சோடா உப்பும் எர்னஸ்ட் சால்வேயும்

ஆப்ப மாவில் அம்மா ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வெள்ளைத் தூளை உலகெங்கும் மலிவாகக் கிடைக்கச் செய்தவர் கல்லூரியில் காலடி வைக்காத ஒருவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்தான் எர்னஸ்ட் சால்வே.

1838ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ரெபெக் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை உப்பைச் சுத்திகரிக்கும் தொழில் செய்தவர். நன்றாகப் படித்துவந்த மகனுக்கு நுரையீரல் உறையில் அழற்சி நோய் வந்தது. பல்கலைக்கழகக் கனவு அதோடு முடிந்தது. 21 வயதில் உறவினர் ஒருவரின் எரிவாயுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும்போது அங்கே அம்மோனியா கலந்த நீர் மிஞ்சும். அதை என்ன செய்வது என்ற யோசனைதான் அவர் வாழ்வைத் திருப்பியது.

சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சலவைச் சோடாவை அக்காலத்தில் லெப்ளாங்க் என்பவரின் முறையில் செய்தார்கள். கந்தக அமிலமும் ஏராளமான நிலக்கரியும் அதற்குத் தேவை. புகைபோக்கி வழியே வெளிவந்த அமில வாயு சுற்றுப்புறத்து மரங்களையும் பயிர்களையும் கருக்கியது.

சால்வே உப்பு நீரில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் செலுத்தினார். நீரில் அதிகம் கரையாத சோடியம் பைகார்பனேட் வெண்மையாகப் படிந்தது. நமது சோடா உப்பு அதுவே. அதைச் சூடாக்கினால் சலவைச் சோடா. மிஞ்சிய கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்தால் அம்மோனியா திரும்பக் கிடைக்கும், மறுபடி பயன்படுத்தலாம். 1861இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இந்த வினை புதிதல்ல. அவர் பிறந்த 1838லேயே இங்கிலாந்தில் இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர்! விலை உயர்ந்த அம்மோனியா வீணானதால், முயன்றவர்கள் நட்டப்பட்டுக் கைவிட்டிருந்தார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் அவர் தொடங்கியே இருக்கமாட்டாரோ என்னவோ!

1863இல் தம்பி ஆல்பிரெடுடன் கூயே என்னுமிடத்தில் ஆலை தொடங்கினார். கருவிகள் அடிக்கடி பழுதாயின. குடும்பத்தின் பணம் கரைந்தது. ஆலையை மூடிவிடும் நிலை வந்தது. வீட்டார் மேலும் பணம் தந்து தாங்கினர். உப்பு நீர் மேலிருந்து இறங்க, வாயு கீழிருந்து ஏறும் உயர்ந்த கோபுரத்தை அவர் அமைத்த பிறகே தொழில் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சோடாவின் பெரும்பகுதி அவர் முறையிலேயே தயாரானது.

நம் சமையலறைக்கு வருவோம். புளித்த மாவின் அமிலத்தோடு சோடா உப்பு சேரும்போது கரியமில வாயு எழும்பி ஆப்பத்தை மென்மையாக்குகிறது. சூடும் அவ்வாயுவை வெளியேற்றும். கடலை சீக்கிரம் வேகவென்று இதைப் போட்டால் பி1 வைட்டமின் அழிந்துபோகும். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் இருப்பதால், இரத்தக் கொதிப்பு உள்ள பாட்டி தாத்தாவுக்கு நெஞ்செரிச்சல் மருந்தாக நாமே கரைத்துக் கொடுத்துவிடக் கூடாது. வினிகருடன் கலந்து புட்டியை இறுக மூடினால் புட்டி வெடிக்கும். சலவைச் சோடாவோ வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பது ஆபத்து.

பெருஞ்செல்வரான சால்வே, தமக்குக் கிட்டாத கல்விக்காகவே பணத்தை வாரி வழங்கினார். பிரஸ்ஸல்ஸில் ஆய்வு நிறுவனங்களை ஏற்படுத்தினார். 1911இல் அவர் அழைப்பை ஏற்று உலகின் தலைசிறந்த இயற்பியல் அறிஞர்கள் அந்நகரில் கூடினர். ஐன்ஸ்டீன் வந்திருந்தார். அக்கூட்டத்தில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார்: மேரி கியூரி அம்மையார். அவ்வாண்டுதான் அவருக்கு இரண்டாம் நோபல் பரிசும் கிடைத்தது.

சால்வே 1922ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் தமது 84ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய அறிஞர் மாநாடுகள் அதன் பின்னும் தொடர்ந்து நடந்துவருகின்றன.