33 வயதில் பாலபாடம்: அர்ச். இஞ்ஞாசியார் மாணவராயிருந்த 11 வருடங்கள்



அர்ச். இஞ்ஞாசியார் என்றதும் பாம்பலோனாக் கோட்டையில் குண்டடி பட்டு விழுந்த போர்வீரரும், சேசு சபையை நிறுவிய குருவும் நம் கண்முன் வருவார்கள். இவ்விரண்டு படங்களுக்கும் நடுவே 1524 முதல் 1535 வரை அவர் மாணவராயிருந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவருடைய வாழ்க்கையில் அந்த 11 வருடங்களே மிகவும் கஷ்டமான பகுதி என்று சொன்னாலும் தவறில்லை. நின்றுபோன படிப்பைத் திரும்பத் தொடங்க ஆசைப்பட்டும், வயதை எண்ணித் தயங்குகிறவர்கள் எந்தப் பங்கிலும் உண்டு. அவர்களை மனதில் வைத்தே இவ்வாரம் இச்சரித்திரத்தை எழுதுகிறோம்.

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்கு நாட்டிலுள்ள லொயோலா மாளிகையில் 1491-ம் ஆண்டில், 13 பிள்ளைகளில் கடைசியாக அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் இனிகோ. இளமையில் அரசருடைய பொக்கிஷ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்து, வாள் பிடிக்கவும், அரண்மனை நடையுடை பாவனைகளையும் கற்றார். தாய்நாட்டுப் பாஷையை அழகாக எழுதுவார். ஆனால் அக்காலத்தில் உயர்ந்த கல்விக்கெல்லாம் வாசலாயிருந்த இலத்தீன் மொழி அவருக்குத் தெரியாது.

1521-ம் ஆண்டு மே மாதம் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் கிடந்தபோது வாசித்த கிறிஸ்துநாதரின் சரித்திரமும், அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களும் அவர் மனதைத் திருப்பின. 1522-ல் மொன்செராத் மலையிலுள்ள தேவமாதாவின் பீடத்தில் தம் வாளை வைத்துவிட்டு, மன்ரேசா ஊரில் ஏறக்குறைய ஒரு வருடம் செபத்திலும் தபசிலும் கழித்தார். 1523-ல் ஜெருசலேம் சென்றார். ஆயுள் முழுவதும் அங்கேயே தங்குவது அவருடைய எண்ணம். ஆனால் பரிசுத்த ஸ்தலங்களைக் காவல் செய்த பிரான்சிஸ்கு சபையார் அதற்கு இசையவில்லை; அவர் திரும்ப வேண்டியதாயிற்று. இனி என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்து, ஆத்துமங்களுக்கு உதவி செய்வதானால் படித்தே ஆகவேண்டும் என்று தீர்மானித்தார். அப்போது அவருக்கு வயது 33.

பார்சலோனா நகரில் இசபெல் ரொசேர் என்ற பக்தியுள்ள சீமாட்டி அவருடைய செலவுக்குப் பொறுப்பேற்றாள். அர்தேவோல் என்ற உபாத்தியாயர் சம்பளம் வாங்காமல் இலத்தீன் இலக்கணம் கற்பிக்க முன்வந்தார். சின்னப் பையன்களோடு சேர்ந்து வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தார் அந்த முன்னாள் வீரர்.

அங்கே எதிர்பாராத ஒரு தடை குறுக்கிட்டது. பிள்ளைகளின் ஏளனமோ, மந்த புத்தியோ அல்ல அது. புத்தகத்தைத் திறந்தவுடனே தேவ காரியங்களைப் பற்றிய புதிய வெளிச்சங்களும், இனிமையான ஞான ஆறுதல்களும் அவர் மனதில் பெருகி வந்தன. பாடம் ஒன்றும் ஏறவில்லை. செபம் செய்யும் நேரத்திலும், பூசை காணும் நேரத்திலும் இவ்வளவு வெளிச்சம் வருவதில்லையே, படிக்கும் நேரத்தில் மட்டும் ஏன் வருகிறது என்று அவர் ஆராய்ந்து பார்த்தார். நன்மையின் வேஷத்தில் வந்த சோதனை இது என்று அவருக்குப் புலப்பட்டது. உடனே உபாத்தியாயரைக் கடல் மாதா கோவிலுக்கு அழைத்துப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, உயிர் வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு வருடங்களுக்கு ஒரு வகுப்பிலும் தவறாமல் கவனம் செலுத்துவதாக வாக்குக் கொடுத்தார். அந்தச் சோதனை அத்தோடு நீங்கிற்று.

இரண்டு வருடம் முடிந்ததும், சர்வகலாசாலையில் சேரலாம் என்று உபாத்தியாயர் சொன்னார். 1526-ல் இஞ்ஞாசியார் அல்காலா என்ற சிறு பட்டணத்திற்குப் போனார். மாட்ரிட் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில், ஹெனாரஸ் ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். கர்தினால் சிஸ்நேரோஸ் 1499-ல் அங்கே ஒரு சர்வகலாசாலையை ஸ்தாபித்தார். 1508-ல் வகுப்புகள் தொடங்கின. வீதிகள், கல்லூரிகள், மாணவர் விடுதிகள், கோவில் யாவும் கல்விக்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பட்டன. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளில் வேதாகமம் முழுவதும் ஒருங்கே 1514 முதல் 1517 வரை அச்சானது அவ்வூரில்தான். இப்பழம்பெருமை கருதி 1998-ல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகமான யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு நல்ல இடத்தில் இஞ்ஞாசியாரின் படிப்பு தேறியதா? இல்லை. காலம் கடந்து படிக்க வந்தவர்களுக்கு உள்ள அவசரம் அவரையும் பிடித்துக்கொண்டது. தர்க்கம், இயற்கைச் சாஸ்திரம், வேதசாஸ்திரம் மூன்றையும் படி முறையில்லாமல் ஒரே காலத்தில் கேட்டார். மிச்ச நேரத்தில் தருமம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். தம்மை நாடி வந்தவர்களுக்கு ஞானோபதேசமும் தியான முயற்சிகளும் கற்பித்தார். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் பாடம் ஒன்றும் வேரூன்றவில்லை.

சின்ன ஊரில் எதுவும் மறைவாக இருப்பதில்லை. சாம்பல் நிற முரட்டு அங்கியோடு, ஆஸ்பத்திரியில் தங்கிப் பிச்சையெடுத்துக்கொண்டு, மாணவரென்றும் சொல்லிக்கொள்ளும் இவரும் இவருடைய தோழர் நால்வரும் ஊர்ப் பேச்சானார்கள். படியாதவன் வேத காரியங்களைப் போதிப்பதெப்படி என்று கேள்வி எழுந்தது. வேத விசாரணை நடந்தது. 1527-ல் 42 நாள் சிறையில் கிடந்தார். வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய போதனையில் பிழை காணப்படவில்லை. ஆனாலும் மற்ற மாணவரைப் போல உடுக்க வேண்டும், இன்னும் சில வருடம் படித்துத் தேறும்வரை விசுவாச காரியங்களைப் போதிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மாணவர் உடுப்பு வாங்க அவர்களிடம் காசில்லை. விசாரித்துத் தீர்ப்பளித்த பிகெரோவா சுவாமியார் தாமே அங்கியும் தொப்பியும் வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்து சலமன்கா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கும் அதே கதை. தோழர் ஒருவரோடு காலில் சங்கிலி பூட்டப்பட்டு 22 நாள் சிறையில் இருந்தார். ஒரு நாள் இரவு மற்றக் கைதிகள் எல்லாரும் தப்பி ஓடினார்கள். திறந்து கிடந்த சிறையில் இவர்கள் மட்டும் அசையாமல் இருந்தார்கள். முடிவில் வந்த தீர்ப்பும் முன்போலவே: குற்றமில்லை, ஆனால் இன்னும் நான்கு வருடம் படித்த பிறகே சாவான பாவம் எது, அற்பப் பாவம் எது என்று பிரித்துச் சொல்லலாம். ஆத்துமங்களுக்கு உதவி செய்யும் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, படிப்பு என்ற ஒரு வாசல் மட்டுமே திறந்திருந்தது.

அப்போது அவர் செய்த தீர்மானம் துணிச்சலானது. சில புத்தகங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு பார்சலோனாவுக்குப் புறப்பட்டார். பிறகு அங்கிருந்து தன்னந்தனியே, குளிர்காலத்தில் கால்நடையாகப் பிரான்ஸ் தேசம் சென்று, 1528 பிப்ரவரி 2-ம் தேதி பாரீஸ் சேர்ந்தார். அங்கே தம்மைத் தாமே நிதானித்துப் பார்த்து, தம் கல்விக்கு அஸ்திவாரமே சரியில்லை என்று கண்டார். ஆகவே மொந்தேகு கல்லூரியில், மறுபடியும் பையன்களோடு, மறுபடியும் இலத்தீன் இலக்கணத்தில் சேர்ந்தார். இப்போது வயது ஏறக்குறைய 37. முதல் தடவை பாலபாடம் படிக்கத் தாழ்ச்சி வேண்டும். படித்தது போதவில்லை என்று ஒப்புக்கொண்டு இரண்டாம் தடவை அதே பாடத்திற்குத் திரும்ப அதைவிடப் பெரிய தாழ்ச்சி வேண்டும்.

பணக் கஷ்டமும் தொடர்ந்தது. பார்சலோனா நண்பர்கள் கொடுத்த பணத்தைத் தம்மோடு தங்கியிருந்த ஒரு ஸ்பானியரிடம் நம்பி ஒப்படைத்தார், அவன் செலவழித்துவிட்டான். இஞ்ஞாசியார் வெகு தூரத்திலிருந்த தர்ம சத்திரத்தில் தங்கவேண்டி வந்தது. விடிந்த பிறகே சத்திரத்தின் கதவு திறக்கும். வகுப்போ விடியுமுன் தொடங்கிவிடும். மாலையிலும் கதவு மூடுமுன் திரும்பவேண்டும். இப்படிப் பல வகுப்புகள் தவறின. ஏதாவது ஒரு ஆசிரியரிடம் வேலைக்காரனாயிருந்து படிக்கலாமென்று தேடினார்; இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு துறவி நல்ல யோசனை சொன்னார்: வருடத்தில் இரண்டு மாதம் பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய் அங்குள்ள ஸ்பானிய வியாபாரிகளிடம் தருமம் கேட்டால், மீதி மாதங்களில் நிம்மதியாகப் படிக்கலாம். அப்படியே செய்தார். ஒரு வருடம் லண்டன் வரையும் போய்வந்தார். பணத்தைச் செலவழித்தவன் பின்னர் ரூவான் நகரில் வியாதியாய்க் கிடப்பதாகக் கேள்விப்பட்டதும், வெறுங்காலோடு, உண்ணாமலும் பருகாமலும் மூன்று நாள் நடந்துபோய் அவனைத் தேற்றிக் கப்பலேற்றி அனுப்பினார்.

1529-ல் சேந்த் பார்ப் கல்லூரியில் சேர்ந்தபோது அவருடைய அறைத் தோழர் இருவர்: பீட்டர் பேபர், பிரான்சிஸ் சவேரியார். இருவருக்கும் வயது 23. பேபர் என்ற அந்த வாலிபர் 38 வயதுக்காரருக்கு அரிஸ்டாட்டில் பாடத்தை மறுபடி சொல்லிக் கொடுத்தார். பெரியவர் வாலிபருடைய மனக் குழப்பங்களுக்கு வழி காட்டினார். இங்கும் பாட நேரத்தில் பழைய ஞான எண்ணங்கள் தலைகாட்டின. பார்சலோனாவில் செய்தபடியே ஆசிரியர் பேஞ்ஞாவிடம் போய் வாக்குக் கொடுத்தார். முன்போல ஒருவரும் தம்மைத் தொந்தரவு செய்யாததைக் கண்டு வியந்த ஒரு நண்பரிடம், இப்போது யாரிடமும் தேவ காரியம் பேசுவதில்லை, படிப்பு முடிந்ததும் பழையபடி தொடங்குவேன் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அல்காலாவில் படிக்காத பாடத்தை இங்கே படித்துவிட்டார்.

ஒரு தடவை, இஞ்ஞாசியாரால் மாணவர் ஒழுங்கு கெடுகிறதென்று கல்லூரித் தலைவர் கோவேயா கோபங்கொண்டு, எல்லா மாணவருக்கும் முன்பாக அவரைப் பிரம்பால் அடிக்க உத்தரவிட்டார். அவரை நேரில் அறிந்து, 1572-ல் அவருடைய சரித்திரத்தை வெளியிட்ட ரிபதெனேய்ரா சுவாமியார் இதைக் கூறுகிறார். அடிபட இஞ்ஞாசியார் ஆயத்தமாயிருந்தார். ஆனால் தம்மைப் பார்த்து நல்வழியில் காலெடுத்து வைத்த இளைஞர்கள் இடறிப் போவார்களே என்று எண்ணி, தலைவரிடம் நேரே போய்ப் பணிவாக எடுத்துச் சொன்னார். தலைவர் மனமிளகி, கூடியிருந்த எல்லாருக்கும் முன்னால் அவரிடமே மன்னிப்புக் கேட்டாராம். 1538-ல் இந்தியாவுக்குத் தகுந்த வேதபோதகர்கள் இவர்களே என்று போர்த்துக்கல் அரசருக்கு எழுதியவர் இதே கோவேயாதான். அதன் பலனாக 1542-ல் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

1532-ல் முதல் பட்டம்; 1533-ல் அடுத்தது; 1535-ல் மாஸ்டர் பட்டம். அப்போது வயது ஏறக்குறைய 44. இதற்கிடையில் 1534 ஆகஸ்டு 15-ம் தேதி, மோன்மார்த்ர் குன்றில் அவரும் ஆறு தோழரும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அவர்கள் அனைவரும் அவருக்குக் கல்லூரியில் கிடைத்த நண்பர்களே. 1537-ல் குருப்பட்டம் பெற்றார். 1540-ல் சேசு சபையைப் பாப்பரசர் அங்கீகரித்தார்.

பிச்சையெடுத்துப் படித்தவர் மற்றவர் படிக்கக் கல்லூரிகள் திறந்தார்: 1548-ல் மெசினாவில், 1551-ல் உரோமையில். 1556 ஜூலை 31-ம் தேதி அவர் இறந்தபோது 30-க்கு மேற்பட்ட கல்லூரிகள் நடந்துவந்தன. அவர் எழுதிய சபைச் சட்டங்களில், மாணவர்கள் செபத்திலும் தபசிலும் அளவு மீறிப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, தேவனுக்காகப் படிக்கும் படிப்பு முழு மனிதனையும் கேட்கிறது என்று விதித்தார். இது பட்டறிந்தவர் எழுதிய சட்டம். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின் திருச்சிக்கு வந்த சூசையப்பர் கல்லூரியும், 1923-ல் பாளையங்கோட்டையில் எழுந்த சவேரியார் கல்லூரியும், 1925-ல் சென்னையில் எழுந்த லொயோலாக் கல்லூரியும் அந்த மரத்தின் கிளைகளே.

ஆகையால், வயது சென்று படிக்க விரும்புகிறவர்களே, இந்த மாணவரைப் பாருங்கள். மூளை மழுங்கிப் போயிற்றே என்று அஞ்சவேண்டாம். சிறியவர் சிரிப்பாரே என்றும் அஞ்சவேண்டாம். அவசரத்துக்கும், பாட நேரத்தில் வந்து கூப்பிடும் மற்ற நல்ல வேலைகளுக்கும் அஞ்சுங்கள். அவற்றை விட்டுவிடும்படி சொல்லவில்லை; அவற்றுக்கு வேறு நேரம் குறியுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, கீழ் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. இஞ்ஞாசியார் தனியே படித்துவிடவில்லை. ஒரு சீமாட்டி செலவுக்குக் கொடுத்தாள். ஒரு உபாத்தியாயர் இலவசமாய்க் கற்பித்தார். நீதி சொன்னவர் உடுப்பு வாங்கிக் கொடுத்தார். ஒரு வாலிபர் பொறுமையாய்ப் பாடம் விளக்கினார். உங்கள் வீட்டில் தாயோ தகப்பனோ பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால், இந்த வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். தெரிந்த பாடத்தைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கட்டும். வீட்டில் பேபராக இருப்பதும் பெரிய புண்ணியந்தான்.