ஸ்கின்னரின் பெட்டியும் எங்கட வீடும்

எங்கட மகனுக்கு ஓட்டிசம். ஏழு வயதில் வீட்டுப்பாடக் கொப்பியைக் கண்டாலே கத்துவான், கையில் கிடைத்ததை எறிவான், தலையைச் சுவரில் இடிப்பான். ஊரில் இருந்து போனில் கதைக்கும் மாமி முதல் இங்கே பக்கத்து வீட்டு அண்ணை வரை எல்லாரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: ரெண்டு அடி போட்டால் சரிவரும். நானும் போட்டேன். சரிவரேல்லை.

பிறகு ஒரு சிகிச்சையாளரிடம் போனோம். அவன் ஏன் கத்துகிறான் என்று அவர் கேட்கவில்லை. கத்தினவுடனே என்ன நடக்குது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியின் வேரைத் தேடித்தான் ஸ்கின்னரைப் படிக்கத் தொடங்கினேன்.

பி. எஃப். ஸ்கின்னர் 1904 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹானா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். மகனுக்கோ எழுத்தாளராகும் ஆசை. ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926 இல் வெளியே வந்து, பெற்றோர் வீட்டில் இருந்து எழுதிப் பார்த்தார். எழுத்து வரவில்லை. உளவியல் பக்கம் திரும்பி, 1931 இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அங்கேதான் அந்தப் பெட்டியைச் செய்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் ஒரு உணவு உருண்டை விழும். எலி திரும்பத் திரும்ப அழுத்தும். ஒரு செயலுக்குப் பிறகு கிடைப்பது அந்தச் செயலை வளர்த்தால் அது வலுவூட்டி. பிடித்தது கிடைப்பது மட்டுமல்ல, பிடிக்காதது விலகுவதும் வலுவூட்டிதான்.

அடியையும் அவர் சோதித்தார். உணவை நிறுத்திவிட்டு, சில எலிகள் அழுத்தும்போது நெம்புகோலே காலில் தட்டும்படி செய்தார். கொஞ்ச நேரம் அடங்கின. தட்டுவதை நிறுத்தியதும் திரும்ப அழுத்தத் தொடங்கி, கடைசியில் அடிபடாத எலிகளின் கணக்குக்கே வந்து நின்றன. 1938 இல் வந்த அவரது முதல் நூலில் இது இருக்கிறது. வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவரைப் பற்றிக் கட்டுக்கதைகளும் உண்டு. 1944 இல் பிறந்த இரண்டாவது மகளுக்காகச் சூடு சீராக இருக்கும் கண்ணாடித் தொட்டில் ஒன்று செய்தார். பிள்ளையைப் பெட்டியில் அடைத்து வளர்த்தார், அவள் தற்கொலை செய்தாள் என்று கதை பரவியது. உண்மையில் அவர் வளர்ந்து ஓவியரானார்.

ஆனால் பெட்டியில் ஒரு நெம்புகோலுக்கு ஒரு உருண்டை. வீடு அப்படியா? ஸ்கின்னர் வழியில் வந்த பிரையன் இவாட்டா குழுவினர் 1982 இல், பிள்ளை கவனத்துக்காகச் செய்கிறதா, வேலையில் இருந்து தப்பவா என்று தனித்தனியாகச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2014 இல் கிரெகரி ஹேன்லி குழுவினர், பெற்றோரிடம் விசாரித்து, வீட்டில் சேர்ந்து வருவதைச் சேர்த்தே சோதித்தார்கள். சேர்த்தால் எது உண்மையான காரணம் என்று தெரியாது என்ற விமர்சனம் இன்னும் இருக்கிறது. அது நியாயமான கேள்விதான்.

எங்கட வீட்டுக் கதை சேர்ந்த கதைதான். மகன் கத்தினால் கொப்பி போகும், நான் பக்கத்தில் வந்து இருப்பேன், டேப்லெட் கைக்கு வரும். அரை நிமிஷத்தில் மூன்றும். முதலில் நாங்கள் கவனத்தை மட்டும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தோம், பலனில்லை. பிறகு சிகிச்சையாளர், கத்தாமல் ஒரு அட்டையைக் காட்டிக் கேட்கப் பழக்கினார். காட்டினால் மூன்றும் கிடைக்கும். அது பழகின பிறகுதான் கொஞ்சம் பொறு என்பதும், ரெண்டு கணக்கு செய்துவிட்டு வா என்பதும் மெல்ல மெல்ல வந்தது. கத்தல் முழுக்க நிற்கவில்லை. தலையை இடிப்பது நின்றுவிட்டது.

பெட்டியில் கண்ட விதிகளால் சமூகத்தையே ஒழுங்கு செய்யலாம் என்று ஸ்கின்னர் நம்பினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ரத்தப் புற்றுநோயோடு, இறப்பதற்கு எட்டு நாள் முன்பும் மேடையேறிப் பேசிய அவர் 1990 ஆகஸ்ட் 18 அன்று காலமானார்.

உங்கள் பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்தினால் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள், தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். போக முன்னம், கத்தலுக்குப் பிறகு வரும் அந்த அரை நிமிஷத்தில் பிள்ளைக்கு என்னென்ன கிடைக்குது என்று எழுதிக்கொண்டு போங்கள்.