ரயிலுக்கு முன்பே புதுக்கோட்டைக்கு வந்த பஸ்... யார் இந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்?

பஸ் 10 நிமிடம் லேட் ஆனாலே செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிடுறோம். ஆனால், நூறு வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூரில் இருந்து புதுக்கோட்டைக்குப் போக வேண்டும் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்பணும். சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தை மாட்டு வண்டியில் கடக்க ஒரு பகல் போதாது. இந்தக் கணக்கை மாற்றியவர்களில் முக்கியமானவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ் என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர்.

யார் இவர்?

1877-ம் ஆண்டு நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை என்று சில காலம் இருந்தார். எதுவும் ஒட்டவில்லை. நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு, அப்போது பலரும் பார்த்தே இராத மோட்டார் வண்டியை நம்பி இறங்கினார்.

புதுக்கோட்டை ஏன்?

அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். ரயில் பாதை கிடையாது. திருச்சியில் இருந்து ரயில் வந்ததே 1929-ல்தான். அதற்குப் பல வருஷம் முன்பே, 1912 வாக்கில், தஞ்சாவூர் - புதுக்கோட்டை இடையே அவருடைய பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. தமிழகத்தின் ஆரம்பகால பஸ் தடங்களில் இதுவும் ஒன்று.

என்னென்ன சிக்கல்?

வண்டிகள் போகும் சாலையில் லாட ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். டயர் அடிக்கடி பஞ்சராகும். காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். மதுரை வட்டாரத்தில் டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோதும் அவர் வண்டிகளை நிறுத்தவில்லை. கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் இன்ஜினை ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தார்.

மாறியது என்ன?

வேகத்தை விட பெரிய மாற்றம், நேரம்தான். வண்டிக்காரர் கிளம்பும்போது கிளம்புவது பழைய பயணம். பஸ்ஸுக்கோ டைம் உண்டு. அது யாருக்காகவும் நிற்காது. காலையில் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பலாம் என்ற வசதி கிடைத்தது. இன்னொரு பக்கம், தூரப் பயணத்தை நம்பியிருந்த வண்டிக்காரர்களின் பிழைப்பு சுருங்கியது. வழிநெடுக இருந்த சத்திரங்களின் தேவையும் குறைந்தது. பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்று ஆன பிறகுதான், லேட் என்ற வார்த்தையும் நம்ம வாயில் புகுந்தது. இன்றைய அவசரத்துக்கு விதை செல்போன் போட்டதில்லை, அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

பிறகு என்ன ஆனது?

சுந்தரம் ஐயங்கார் 1955-ல் காலமானார். அவருடைய மகள் டாக்டர் சௌந்தரம், காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1970-களின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையானபோது, டி.வி.எஸ் பஸ்களும் அரசிடம் போயின. தஞ்சாவூர் - புதுக்கோட்டை பயணம் இப்போது ஒன்றரை மணி நேரம்தான். மிச்சமான அந்த ஒரு பகலை நாம என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.